நியூயார்க் ஆக்குபேஷனல் தெரபி (ஓடி) ரெஜிஸ்ட்ரேஷன்: 36 மணி நேரம், லேர்னிங் பிளான், யாராவது தெளிவா சொல்லுங்களேன்

தேன்சிட்டு:
வணக்கம். நான் நியூயார்க்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், இதுவரைக்கும் ஸ்கூல்லதான் வேலை, கையெழுத்து வராத பசங்க, கத்தரிக்கோல் பிடிக்க முடியாதவங்க, கிளாஸ்ல ஒரு இடத்துல உக்கார முடியாம தவிக்கற குழந்தைங்கன்னு நாள் போயிடும். லைசென்ஸ் வாங்கின முதல் மூணு வருஷத்துக்கு கன்டினியூயிங் காம்பிடென்சி, அதாவது வேலையில இருந்துக்கிட்டே தொடர்ந்து படிக்கற கணக்கு, அதுல விலக்குன்னு சொன்னதால நான் அந்தப் பக்கமே திரும்பல. இப்ப ரெண்டாவது ரெஜிஸ்ட்ரேஷன் முடிய எட்டு மாசம்தான் இருக்கு, 36 மணி நேரம் வேணும்ங்கறாங்க. போன மார்ச்ல என்பிசிஓடி (நம்ம தொழிலுக்கு சர்டிபிகேட் தர்ற அமைப்பு) ரெனியூவல் பண்ணேன், அதுக்கும் 36 யூனிட்தான், அப்ப ஸ்டேட்டுக்கும் சேத்து முடிஞ்சுதுன்னு இருந்தேன், கூட வேலை பாக்கறவங்க அது வேற இது வேறன்னு சொன்னதும் வயித்தக் கலக்குது.

இன்னொண்ணு, அடுத்த வருஷம் ஹேண்ட் தெரபி கிளினிக்குக்கு மாறப்போறேன். படிக்கும்போது ஸ்பிளிண்ட் (கைய ஒரு நிலையில பிடிச்சு வெக்கற பட்டை) பண்ணதோட சரி, அப்புறம் தொட்டதே இல்ல. இப்ப ஸ்கூல்ல இருக்கேங்கறதால குழந்தைங்க சம்பந்தமான கோர்ஸ்தான் கணக்குல வருமா, இல்ல கை சம்பந்தமா எடுத்தாலும் ஏத்துப்பாங்களா?

கைத்தறி:
தேன்சிட்டு, பதட்டப்படாதீங்க, எட்டு மாசம் நிறைய டைம். முதல்ல மூணு விஷயத்த தனித்தனியா பிரிச்சு வெச்சுக்கோங்க. நியூயார்க்ல லைசென்ஸ் ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் உங்களோடது, ஆனா பிராக்டிஸ் பண்ணணும்னா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கணும், அதுக்குத்தான் இந்த 36 மணி நேரம். என்பிசிஓடி அரசாங்கம் இல்ல, தனி சர்டிபிகேஷன் அமைப்பு, பேருக்குப் பின்னாடி ஓடிஆர்ங்கற அவங்க பட்டத்த போட்டுக்க அவங்க ரெனியூவல் வேணும், அது மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் 31ல முடியும். ஏஓடிஏ, அதாவது அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம், அதுல மெம்பர்ஷிப் நம்ம விருப்பம், அதுக்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமே இல்ல.

ஒரே கோர்ஸ ரெண்டு இடத்துலயும் காட்டலாம், தப்பே இல்ல. ஆனா ரெண்டோட தேதியும் ஒண்ணா ஓடாது. அதனால உங்க ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர எடுத்து காலம் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடியுதுன்னு பாத்து, என்பிசிஓடிக்கு காட்டினதுல எதெல்லாம் அந்தத் தேதிக்குள்ள விழுதுன்னு தேதி வாரியா எழுதுங்க, அதுல ஸ்டேட் எந்த வகையெல்லாம் ஒத்துக்குதுன்னு ஒப்பிட்டா பாதி கவலை போயிடும்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன், எனக்கு அதுதான் முக்கியமா படுது. நியூயார்க் சட்டத்துல 36 மணி நேரத்தோட ஒரு லேர்னிங் பிளானும் (என்ன படிக்கப்போறோம்னு எழுதி வெக்கற திட்டம்) வெச்சிருக்கணும்னு இருக்கு, அதுல இப்போதைய பொறுப்பு மட்டும் இல்ல, எதிர்பார்க்கிற பொறுப்பும் எழுதச் சொல்லுது. உங்கள மாதிரி வேற துறைக்கு மாறப்போறவங்களுக்கு அந்த ரெண்டாவது பாதிதான் கைகொடுக்கும், ஹேண்ட் கிளினிக்குக்குப் போறேன்னு பிளான்ல எழுதுங்க, அதுக்குத் தேவையானத படிங்க. நிறைய பேர் கடைசி மாசம் கெடச்ச வெபினாரெல்லாம் பாத்து முடிச்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி பிளான பின்னாடி எழுதறாங்க, நானும் ஒரு தடவை அப்படி செஞ்சிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் அது உறுத்துது. அந்த வருஷம்தான் ஸ்ட்ரோக் வார்டுக்கு மாறினேன், முதல் வாரமே தோள் மூட்டு இறங்கிப்போன ஒரு பெரியவர எப்படி தாங்கிப் பிடிச்சு டிரெஸ் மாத்த வைக்கறதுன்னு தெரியாம நின்னேன், சீனியர் ஒருத்தங்க வந்து காட்டித்தான் செஞ்சேன். சர்டிபிகேட் 36 மணி நேரத்துக்கும் இருந்துச்சு, அந்தப் பெரியவருக்கு வேண்டியது அதுல ஒரு மணி நேரம் கூட இல்ல.

கை விஷயத்துல இது இன்னும் ஆபத்து. விரல மடக்கற டெண்டன் (தசைய எலும்போட சேக்கற நாண்) அறுந்து தைச்சிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க, ரொம்ப நாள் அசைக்காம விட்டா சுத்தி ஒட்டிக்கும், அவசரப்பட்டு இழுத்தா தையல் விட்டுப்போகும், எந்த வாரம் எவ்வளவு அசைக்கலாம், சர்ஜன் எந்த முறையில தைச்சிருக்கார்னு தெரிஞ்சுதான் கை வைக்கணும். அதனால ஸ்பிளிண்ட் மெட்டீரியல கையில எடுத்து வெட்டி சூடாக்கி வளைக்கற நேரடி வொர்க்‌ஷாப்பா பாத்து சேருங்க, வீடியோ பாத்து இது வராது.

மண்வாசனை:
கைத்தறி அக்கா சொன்னதோட என் அனுபவம். 36 மணி நேரத்துக்கு ஆதாரம் காட்டச் சொல்லி என்னை ஆடிட்ல கூப்பிட்டாங்க. நான் எல்லாத்தையும் செஞ்சிருந்தேன், ஆனா ரெண்டு சர்டிபிகேட்ல என் பேரே இல்ல, இன்னொண்ணுல எத்தன மணி நேரம்னு போடல, அத நடத்தின கம்பெனி அதுக்குள்ள மூடிட்டாங்க, யார்கிட்ட போய் கேக்கறது? ரொம்ப அலைஞ்சேன். அன்னிலேர்ந்து கோர்ஸ் முடிஞ்ச அன்னிக்கே பேர், தேதி, மணி நேரம், யார் நடத்தினாங்க எல்லாம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஜன்னலையே மூடுவேன். நியூயார்க்ல ஆறு வருஷம் வெச்சிருக்கணும், லேப்டாப்ல மட்டும் போட்டு வெக்காதீங்க.

அப்புறம் சர்டிபிகேட்ல போடற சிஇயு (கன்டினியூயிங் எஜுகேஷன் யூனிட்) கணக்குல ஏமாறாதீங்க. 1 சிஇயுன்னா 10 மணி நேரம், அப்ப 0.2ன்னு போட்டிருந்தா ரெண்டு மணி நேரம்தான். என் ஃப்ரெண்டு 2ன்னு நெனச்சு 20 மணி நேரமா எழுதிட்டா, கடைசி வாரம் ஓடினா பாருங்க ஓட்டம், பாவமா இருந்துச்சு. ஒருவேளை உண்மையாவே முடிக்க முடியலன்னா பொய்யா டிக் பண்ணாதீங்க, கண்டிஷனல் ரெஜிஸ்ட்ரேஷன்னு ஒரு வருஷம் வரைக்கும் தர வழி இருக்கு, நேரா கேட்டு எழுதுங்க.

குளிர்காத்து:
நான் பிரிட்டன்ல இருக்கேன், இங்க வேற மாதிரி, ஆனா உங்களுக்கு உதவும்னு தோணுது. எச்சிபிசிதான் எங்க ரெகுலேட்டர், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெனியூவல், இத்தன மணி நேரம்னு எண்ணிக்கையே கிடையாது. ரெனியூவல் சமயத்துல 2.5 சதவீதம் பேர குத்துமதிப்பா எடுத்து ப்ரொஃபைல் எழுதித் தரச் சொல்வாங்க. என்ன படிச்ச, அதனால உன் வேலை எப்படி மாறுச்சு, உன்கிட்ட வர்றவங்களுக்கு என்ன பலன்னு ஆதாரத்தோட காட்டணும். மணி நேரம் எண்ணாததால சுலபம்னு நெனச்சேன், எழுத உக்காந்தப்பதான் தெரிஞ்சுது, பலன் என்னன்னு கேட்டா பாதி கோர்ஸுக்கு எங்கிட்ட பதிலே இல்ல. நீங்களும் ஒவ்வொரு கோர்ஸுக்கும் கீழ ரெண்டு வரி எழுதி வெச்சுக்கோங்க, யாரும் கேக்கலன்னாலும்.

தேன்சிட்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர எடுத்துப் பாத்தேன், என்பிசிஓடிக்கு காட்டினதுல 17 மணி நேரம் ஸ்டேட் தேதிக்குள்ள விழுது, மிச்சம் 19. பிளான்ல "எதிர்பார்க்கிற பொறுப்பு"ங்கற இடத்துல ஹேண்ட் தெரபின்னு எழுதிட்டேன். மண்வாசனை, சர்டிபிகேட்டெல்லாம் தேடினேன், ஒண்ணுல தேதி இல்ல, நல்லவேளை நடத்தினவங்க இன்னும் இருக்காங்க, மெயில் போட்டிருக்கேன். கைத்தறி அக்கா, ஸ்பிளிண்ட் வொர்க்‌ஷாப் ரெண்டு நாள் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், சேர்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட என்ன கேக்கணும்?

கைத்தறி:
ஒவ்வொருத்தரும் தன் கையால எத்தன ஸ்பிளிண்ட் பண்ணுவாங்கன்னு கேளுங்க, வெறும் டெமோன்னா வேண்டாம். டெண்டன் தைச்ச கைக்கு பின்பக்கமா போடற ஸ்பிளிண்ட் சிலபஸ்ல இருக்கான்னும் கேட்டுருங்க.