ஓடைப்புஞ்சை நிலங்களும் வருஷக் குத்தகையும்

ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சித்திரையில் ஊருக்குப் போனபோது ஓடைப்புஞ்சைப் பக்கம் நடந்து பார்த்தேன். மேற்குச் சரிவில் வரப்பு பல இடத்தில் உடைந்து, மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் முழங்கால் ஆழம் ஓடுகிறது. சில புஞ்சைகளில் கரிசல் போய், அடியில் இருந்த சுக்கான்கல் தெரிகிறது.

எல்லாரும் மக்காச்சோளத்துக்கு மாறியது இதற்கு ஒரு பெரிய காரணம். நம் பக்கம் வருஷ மழை 700 மி.மீ. சொச்சம், அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அந்தச் சமயம் பயிர் சின்னதாக நிற்கும். வரிசைக்கு வரிசை இரண்டடி இடைவெளி, நடுவே களைக்கொல்லி அடித்த வெறுந்தரை. கரிசல் நனைந்து உப்பி வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டால், அப்புறம் பெய்கிற மழை உள்ளே இறங்காது, மேல்மண்ணை வழித்துக்கொண்டு ஓடைக்குப் போகும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனாலே ஏறக்குறைய ஐந்து டன். போட்ட டி.ஏ.பி. உரமும் அதோடு போகிறது.

முன்பு கம்பு, சோளத்துக்கு ஊடே உளுந்து, பாசி, தட்டாம்பயறு விதைத்தார்கள். பயறு சீக்கிரம் படர்ந்து தரையை மூடும், வேரில் தழைச்சத்தும் சேரும். மக்காச்சோளமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோழித்தீவனத்துக்கு விலை போகிறது, ஆள்கூலியும் குறைவு. ஆனால் வருஷா வருஷம் அதே நிலத்தில் அதையே போட்டால் மண் தாங்காது. 2018இல் வந்த, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கும் அது வசதி.

இதில் நமக்குப் பெரிய பங்கு உண்டு. சரிவில் இருக்கும் நிலம் பாதிக்கு மேல் வெளியூரில் இருக்கும் நம்முடையது. வருஷக் குத்தகைக்கு எடுத்தவர் வரப்பு போட மாட்டார். அடுத்த வருஷம் நிலம் அவர் கையில் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து வருஷத்துக்குப் பேசுவோம். வரப்புச் செலவை நாம் ஏற்போம். பதிலுக்கு அவர் சரிவுக்குக் குறுக்கே உழட்டும், உளுந்தை ஊடுபயிராகவோ மாற்றுப்பயிராகவோ போடட்டும், அறுவடைக்குப் பின் மிஞ்சும் தட்டையை எரிக்காமல் விடட்டும். கோடையில் நிலத்துக்கு எரு சேர ஆட்டுக்கிடை போட நாமே ஏற்பாடு செய்யலாம். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இருக்கிறது. பாத்தி கட்டி மழைநீரைத் தேக்கும் முறையை அங்கே கேட்டுச் செய்யலாம்.

ஓடைப்புஞ்சையில் நிலம் உள்ளவர்கள், குத்தகை எப்போது முடிகிறது என்று எனக்கு எழுதுங்கள். புரட்டாசியில் விதைத்துவிடுவார்கள்; ஆடிக்குள் பேசி முடித்தால்தான் இந்த வருஷமே வரப்பு போட முடியும்.