மாக்ஸ்மன்ஷிப்புக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

பண்டாரவளை, திங்கள் இரவு

அன்பின் சொல்லாக்கக் குழு நண்பர்களுக்கு,

எங்கள் ஊர்ப்பக்கம் துப்பாக்கி சுடும் கழகத்தார் சிலர் அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு புதியவர்களுக்கு எயார் றைபிள் (காற்றுத் துப்பாக்கி) பழக்கப் போகிறார்கள். பத்து மீற்றர் தூரம், 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு. பிள்ளை வந்தால் தாயோ தகப்பனோ கூட வரவேண்டும். கையேட்டின் தமிழ்ப் பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் நடக்கும் வார இறுதிப் பயிற்சி ஒன்றைப் பார்த்து எழுதிய ஆங்கில மூலம். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

தலைப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்: 'றைபிள் மாக்ஸ்மன்ஷிப் கிளினிக்'. கிளினிக் என்று அப்படியே போட்டால் தோட்டத்து அம்மாமார் கர்ப்பிணி அட்டையோடு வந்து நிற்பார்கள். 'முகாம்' என்று போட எனக்கு மனமில்லை, இந்த நாட்டில் துப்பாக்கியையும் முகாமையும் ஒரே வரியில் எழுதுவதா? 'செயலமர்வு' என்று முடிவு செய்துவிட்டேன், அதில் கை வைக்காதீர்கள். மாக்ஸ்மன்ஷிப்புக்கு, அதாவது குறி தவறாமல் சுடும் திறமைக்கு, மட்டும் சொல் வேண்டும். இப்போதைக்கு 'குறிபார்த்துச் சுடுதல்'.

ஹட்டன், திங்கள் இரவு

டீச்சர், எங்கள் செய்தி மேசையில் 'குறிபார்த்துச் சுடுபவர்' என்றால் மறைந்திருந்து சுடும் சினைப்பர். யுத்தகாலத்தில் அப்படித்தான் எழுதிப் பழகினோம். இன்னொன்று, 'துப்பாக்கி சுடுதல்' விளையாட்டுப் பக்கத்துக்குப் போகும், 'துப்பாக்கிச் சூடு' முதல் பக்கத்துக்குப் போகும். எதைப் போட்டாலும் அந்தச் 'சூடு' மட்டும் வேண்டாம். பெற்றோர் பயந்துவிடுவார்கள்.

கோண்டாவில், செவ்வாய் காலை

சூடு என்பது சுடு என்னும் பகுதி முதல் நீண்டு நிற்பது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். படு பாடு ஆனதைப் போல. சொல்லில் குற்றமில்லை, காலத்தின் குற்றம்.

ஆனால் அடிப்படைக்குப் போவோம். துப்பாக்கியே தமிழன்று. துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங். ஈழத்தில் துவக்கு, சிங்களத்தில் துவக்குவ. துருக்கியில் அதன் பழைய வடிவம் வாயால் ஊதி எறியும் குழலைக் குறித்தது என்பார்கள். அப்படியானால் உங்கள் காற்றுத் துப்பாக்கிதான் அந்தப் பெயருக்கு நேர்வாரிசு! 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று வள்ளுவரே பாடினார் எனச் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அங்கே துப்பு ஆக்கி, அதாவது உணவை ஆக்கி. பாடப்பட்டது மழை.

ஆகவே 'எய்' என்ற வேருக்கு வாருங்கள். எய்தல், எயினர், ஏவு. 'ஏ' என்றாலே அம்பு. ஏகலைவன் என்ற பெயரையே ஏ, கலை என்று பிரித்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை (வடமொழிக்காரர் அடிக்க வருவார்கள்). எனவே 'எய்கலை'. வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது, 'எய்க்கலை' என்று அச்சிட்டுவிடாதீர்கள். புறநானூறு 152இல் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்துகிறது. இந்த மரபை விட்டுவிட்டு மாக்ஸ்மன்ஷிப் என்பானேன்?

ஹட்டன், செவ்வாய் காலை

ஐயா, அது அம்பின் வேகம். குறி யானைக்குத்தானே, மற்ற நான்கும் வழியில் நின்றவை. துப்பாக்கிப் பயிற்சியில் அந்தப் பாட்டைப் படித்தால் பாதுகாப்பு அதிகாரி மயங்கி விழுவார். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சுடவேண்டும் என்பது முதல் பக்கத்து விதி.

சென்னை, செவ்வாய் மதியம்

துமுக்கி என்ற நல்ல சொல் இருக்கையில் ஏன் துப்பாக்கியிலேயே நிற்கிறீர்கள்? ரைஃபிள் என்பது குழலின் உட்புறத்தில் சுற்றிச்செல்லும் வரிப்பள்ளம் உடையது. ஆகவே 'சுரிதுமுக்கி'. இலக்கு வடசொல்லின் திரிபு, தவிர்க்கலாம். என் பரிந்துரை: 'சுரிதுமுக்கிக் குறித்திறம்'.

பதுளை, செவ்வாய் மாலை

வணக்கம். நான் அங்கே பழக்கப் போகிறவர்களில் ஒருவன், டீச்சர் சொல்லித்தான் இந்தக் குழுவுக்கு வந்தேன். 'குறித்திறம்' என்று நோட்டீஸ் ஒட்டினால் பத்தாம் ஆண்டுப் பொடியன்கள் சிரித்தே செத்துப்போவார்கள். பெரியவர்கள் கோடாங்கி குறி சொல்ல வருகிறார் என்று நினைப்பார்கள்.

எனக்குத் தலைப்பைப் பற்றிக் கவலை இல்லை. உள்ளே 'விசையில் விரல் வைக்காதே' என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விசை என்றால் நியூட்டன். அந்தக் காலத்தில் 'குதிரை' என்பார்கள், அதைச் சொன்னால் கதை இன்னும் மோசம். பிள்ளைக்கு அரை நொடியில் விளங்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் உள்ளே போய்விடும். 'ட்ரிகர்' என்றே விடுங்கள்.

மற்றது, நடுப்புள்ளி. 'காளைக்கண்' என்று யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள். பத்து மீற்றர் தாளில் பத்துக்குரிய புள்ளி வெறும் 0.5 மில்லிமீற்றர். எங்கள் பிள்ளைகள் அதைப் 'பொட்டு' என்கிறார்கள். "சேர், பொட்டில பட்டுச்சு!"

சென்னை, செவ்வாய் இரவு

பொட்டு அருமை. பொட்டில் அடித்தாற்போல் இருக்கிறது. ட்ரிகருக்கு என் ஆதரவு இல்லை.

ரொறன்ரோ, புதன்

நான் அமெரிக்காவின் மிச்சிகனில் அப்பிள்சீட் என்ற றைபிள் பயிற்சி ஒன்றுக்கு மகளோடு போயிருக்கிறேன். டீச்சரின் மூலம் அதைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே 25 மீற்றரில்தான் தாள், ஆனால் உருவங்களைச் சிறிதாக்கி 400 யார் வரையான தூரத்தைக் காட்டுவார்கள். தேர்வில் 250க்கு 210 எடுத்தால் சட்டையில் தைக்கும் துணிச்சின்னம் ஒன்று தருவார்கள். இடையில் 1775 ஏப்ரல் 19இல் நடந்த லெக்சிங்டன், கொன்கோர்ட் சண்டைக் கதையும் (அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய சண்டை) சொல்வார்கள். அந்தப் பகுதியை மொழிபெயர்க்க வேண்டாம், அது அவர்கள் வீட்டுக் கதை.

ஆனால் 'நச்சுரல் பொயின்ற் ஒஃப் எய்ம்' என்று ஒன்று வரும். அதற்குச் சொல் இல்லாமல் முழுக் கையேடும் வீண். படுத்துக் குறி வைத்தபின் கண்ணை மூடச் சொல்வார்கள். மூச்சு இழுத்து, விட்டு, உடம்பைத் தளர்த்திக் கண்ணைத் திறந்தால் துவக்கு பொட்டுக்கு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். உடனே கை தானாகத் தள்ளப் பார்க்கும். தள்ளக் கூடாது. முன் முழங்கையை ஆணியடித்தமாதிரி வைத்துக்கொண்டு இடுப்பைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மறுபடி கண்ணை மூட வேண்டும். மகள் உடனே பிடித்துக்கொண்டாள், நான் தோள்பட்டையால் மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தேன்.

கோண்டாவில், புதன் இரவு

'இயல்நோக்கு'. ஐயமே இல்லை. இயற்கை என்னும் பொருளும் உண்டு, இயலுதல் என்னும் பொருளும் உண்டு.

பண்டாரவளை, புதன் இரவு

ஐயா, அழகுதான். ஆனால் தோட்டத்திலிருந்து வரும் தகப்பனுக்கு அதை விளக்க இன்னொரு பக்கம் வேண்டும். 'உடம்பு காட்டும் இடம்' என்று எழுதினால் போதாதா? "துப்பாக்கி உங்கள் உடம்பு காட்டும் இடத்தைப் பார்க்கும். அந்த இடம் பொட்டாக இல்லாவிட்டால் கையைத் தள்ளாதீர்கள், உடம்பைத் திருப்புங்கள்."

சென்னை, வியாழன் காலை

அது விளக்கம், கலைச்சொல் அன்று. கலைச்சொல்லுக்குச் செறிவு வேண்டும். நாளை இதிலிருந்து பெயரடை ஆக்குவது எப்படி?

பதுளை, வியாழன் காலை

பெயரடை வேண்டாம் சேர். பிள்ளை இடுப்பை நகர்த்தினால் போதும்.

ஹட்டன், வியாழன் மதியம்

றைபிளை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. மலைநாட்டுக்கு அது புதுச் சொல்லும் அல்ல. 1900இல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சேர்ந்து சிலோன் பிளான்டர்ஸ் றைபிள் கோர் என்று படை கட்டி, போயர்களோடு (அங்கே குடியேறியிருந்த டச்சு வழியினர்) சண்டை பிடிக்கத் தென்னாபிரிக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள். அதே ஆண்டு போயர் கைதிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்தார்கள், டீச்சர் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த றைபிளைத் தொட வழியில்லை. இப்போது அவர்கள் பேரப்பிள்ளைகள் பத்து மீற்றரில் பொட்டைப் பார்க்கப் போகிறார்கள், அதன் பெயரையாவது தெரிந்த பெயராக வைப்போம்.

கோண்டாவில், வியாழன் மாலை

வரலாறு நன்று. ஆனால் றகரமும் மொழிமுதல் வராது, ரகரமும் வராது. 'இறைபிள்' என்றா எழுதப் போகிறீர்கள்? முறைப்படி எழுதினால் இறைவனையும் பிள்ளையையும் சேர்த்துச் சுடுவதுபோல் இருக்கிறது.

பண்டாரவளை, வியாழன் இரவு

இனி நேரமில்லை. தலைப்பு: 'குறிபார்த்துச் சுடப் பழகுவோம்: புதியவர்களுக்கும் குடும்பங்களுக்குமான றைபிள் செயலமர்வு'. 'சுடப் பழகுவோம்' என்று வந்தால் சினைப்பர் நினைவு வராது என்று ஹட்டன் தொலைபேசியில் ஒத்துக்கொண்டார். உள்ளே பொட்டு, ட்ரிகர், உடம்பு காட்டும் இடம். துப்பாக்கியின் முனைக்கு 'குழல்வாய்', அதற்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை. பதுளை, ரொறன்ரோ, ஹட்டன் சரி என்றுவிட்டார்கள். ஐயாவும் சென்னை அன்பரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை, வியாழன் இரவு

பொறுத்துக்கொள்கிறேன், ஏற்கவில்லை. துமுக்கியை யாரும் பயன்படுத்தாவிட்டால் அது எப்படிப் பழகும்?

பதுளை, வியாழன் நள்ளிரவு

டீச்சர், அனுப்பிவிட்டீர்களா? பக்கம் 6, 'படுத்துச் சுடும்போது கவணை மேற்கையில் இறுக்கவும்' என்று இருக்கிறது. துப்பாக்கியைக் கையோடு இறுக்கும் பட்டைதான் ஸ்லிங், அதற்கு யாரோ அகராதி பார்த்திருக்கிறார்கள். கவண் கல் எறிவது! 'வார்' என்று மாற்றுங்கள், தோல்வார் என்றாலும் சரி.

கோண்டாவில், வெள்ளி அதிகாலை

வார் சரி. ஆயினும் கவணைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய குறிஞ்சிப் பெண்களின் கையில் இருந்தது கவண்தான். மலையும் மலைசார்ந்த இடமும் உங்களுடையது, இரண்டாம் பதிப்பில் எய்கலையைப் பற்றி மறுபடி பேசுவோம். 'கவண்' 'கவை'யிலிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி, அதற்குத் தனி இழை திறக்கிறேன்.