குழிவு என்று சொல்ல எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்?

கேள்வி: குன்னூர் ஆசிரியை

மேல்நிலை வகுப்பில் ஆடிகளையும் லென்சுகளையும் நடத்தும்போது ஆண்டுதோறும் எழும் ஐயம் ஒன்றை இங்கே வைக்கிறேன். குழியாடி ஒளியைக் குவிக்கிறது, குழிலென்சு விரிக்கிறது. கணிதப் பாடத்தில், தொட்டபெட்டாவைப் போல் மேலெழுந்து இறங்கும் வளைவரையைக் கீழ்நோக்கிக் குழிவு என்கிறோம். பொருளியலாரோ அதையே வெறுமனே குழிவுச் சார்பு என்கிறார்கள். நில அளவைப் பணியிலுள்ள என் உறவினர் மலைச்சரிவிலும் குழிவு, குவிவு என்று பிரிப்பதாகச் சொல்கிறார். இவை அனைத்துக்கும் அடியில் ஒரே வரையறை இருக்கிறதா, ஒவ்வொரு துறையும் தன் வசதிக்கு வைத்துக்கொண்டதா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: கொடைக்கானல் கணக்கு

அம்மா, வரையறை ஒன்றுதான்; எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம் வருகிறது. ஓர் உருவத்தினுள் எந்த இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தாலும் அக்கோடு முழுவதும் உள்ளேயே இருந்தால் அவ்வுருவம் குவிவானது. எங்காவது கோடு வெளியே போய்விட்டால் அங்கே குழிவு இருக்கிறது. கைகளாகப் பிரிந்து கிடக்கும் எங்கள் கொடைக்கானல் ஏரியில் ஒரு கையின் நுனியிலிருந்து அடுத்த கையின் நுனிக்கு நேராகப் படகு விட முடியாது, இடையில் கரை குறுக்கிடும். பலகோணத்தில் 180 பாகையைத் தாண்டிய உட்கோணம் ஒன்று இருந்தாலே அது குழிவுப் பலகோணம்.

முகடு போன்ற வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பு இந்தச் சோதனையின்படி குவிவானது. ஆனால் கிடை அச்சில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அவ்வளைவரை குகைக்கூரையாகக் குழிந்து தெரியும். ஆகவே பாடநூலின் கீழ்நோக்கிக் குழிவும் பொருளியலாரின் குழிவும் ஒன்றே. தேயிலைக்கு இடும் உரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு நிலைக்குப் பின் ஒவ்வொரு கூடுதல் மூட்டையும் முந்தையதைவிடக் குறைந்த கூடுதல் விளைச்சலையே தரும். அங்கே விளைச்சல் கோடு குழிவானது. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இங்கே முக்கியமன்று, சாய்வு தொடர்ந்து குறைகிறதா என்பதே கேள்வி.

பதில் 2: உதகை வானியல் ஆர்வலன்

மேலே சொன்னது வடிவத்தைப் பற்றியது. ஒளி என்ன செய்யும் என்பதை வடிவம் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆடியும் லென்சும் முரண்படுவதாகத் தோன்றுவது இதனால்தான். குழியாடியில் ஒளி குழிந்த பக்கமாக வந்து அதே பக்கமாகத் திரும்புகிறது. லென்சில் அது ஊடுருவிப் போவதால் சுற்றியுள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணையும் (ஒளி அப்பொருளில் எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண்) கணக்கில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 1.52 ஒளிவிலகல் எண் உடைய கண்ணாடியில் செய்த குழிலென்சை, 1.63 அளவுள்ள கார்பன் டைசல்பைடில் அமிழ்த்தினால் அது ஒளியைக் குவிக்கும். அந்தத் திரவம் நச்சும் எளிதில் தீப்பற்றும் தன்மையும் உடையது என்பதால் பள்ளியில் இதை வாய்மொழியாகச் சொல்வதே நல்லது.

மாணவர்களுக்குக் காட்டத்தக்க குழிவு உதகைக்கு அருகே முத்தோரையில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைக்கப்பட்டு 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அது கிண்ணமன்று, கிழக்கு மேற்காகப் பரவளையமாக வளைந்து, வடக்கு தெற்காக நேராக ஓடுகிறது. ஒரே திசையில் மட்டும் குழிந்திருப்பதால் அலைகள் ஒரு புள்ளியில் சேராமல் ஒரு கோட்டில் சேர்கின்றன. அக்கோட்டில் அலைகளை வாங்கும் 1056 டைபோல் ஆண்டெனாக்கள் வரிசையாக உள்ளன. சுமார் 92 சென்டிமீட்டர் அலைநீளத்துக்குப் பளபளப்பான தகடு வேண்டியதில்லை என்பதால் எதிரொளிக்கும் பரப்பே 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்தாம். அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஈடாகச் சுமார் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்ததால், அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பியே விண்பொருளைப் பல மணி நேரம் தொடர முடிவது அதனால்தான்.

பதில் 3: கேத்தித் தோட்டக்காரர்

சரிவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். மலைச்சரிவில் குழிவு இரண்டு வகைப்படும். மேலே செங்குத்தாகத் தொடங்கி அடிவாரத்தில் தணிவது இறங்கும் திசையிலான குழிவு. அங்கே நீரின் வேகம் குறைந்து வண்டல் படியும். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் மலையை நோக்கி உள்வாங்கி வளைவது குறுக்கே உள்ள குழிவு. அங்கே இருபுறத்து நீரும் ஒன்றுகூடுவதால் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். பெருமழையில் மண்சரிவு பெரும்பாலும் தொடங்குவது இந்த இரண்டாவது வகையில்தான். வீட்டுமனை வாங்குவோர் இதைப் பார்ப்பதே இல்லை.

உறைபனியும் அப்படித்தான். மேகமும் காற்றும் இல்லாத ஜனவரி இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதே தோட்டத்தில் மேட்டுச் செடி தப்பிக்கும், பள்ளத்துச் செடி கருகும்.

குன்னூர் ஆசிரியை

மூவருக்கும் நன்றி. நிலவரைபட மென்பொருளில் குழிவு குறை எண்ணாக வருமா, கூட்டல் எண்ணாக வருமா என்று உறவினர் கேட்கிறார்.

கேத்தித் தோட்டக்காரர்

மென்பொருளுக்கு மென்பொருள் அது மாறுகிறது, அம்மா. சில மென்பொருள்களில் இறங்கும் திசைக்கும் குறுக்குத் திசைக்கும் குறியீடே எதிரெதிராக இருக்கும். அவருக்கு நன்கு தெரிந்த ஒரு குன்றின் உச்சியை ஒட்டிய சரிவில் இரண்டு எண்களையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்ட உச்சியை ஒட்டிய பகுதி எப்படியும் குவிவுதான் என்பதால் அங்கே வரும் குறிக்கு எதிரானதே குழிவு.