வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், அம்மம்மாவுக்குத் தொற்றாமல் என்ன செய்யலாம்?

உப்புவெளி மகள்:
எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு 7 வயது, 20 கிலோ. முந்தாநாள் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தவன் சாப்பிடாமல் சுருண்டு படுத்தான், விளக்கு வைக்கிற நேரம் பார்த்தால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 39.4. தொண்டை நோகுது, கால் உளையுது என்று அழுகிறான், வறட்டு இருமல் வேறு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லையாம். இன்று எனக்கும் உடம்பு முறிகிறது. என் பயம் அம்மம்மாவை நினைத்துத்தான், 78 வயது, சீனி வருத்தம், இவன் அவவின் மடியை விட்டு இறங்கவே மாட்டான். போன முறை மிஞ்சின அன்டிபயோட்டிக் பாணி இருக்கிறது, அதைக் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா?

மூதூர் அக்கா:
தங்கச்சி, அந்தப் பாணியை முதலில் எறியுங்கள். நான் வார்ட்டில் தாதியாக இருக்கிறேன், இதே கேள்வியை மாரி தொடங்கினால் தினமும் கேட்கிறேன். இன்ஃப்ளுவென்சா, அதாவது ஃப்ளூ, வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக் பக்டீரியாவுக்குத்தான். நிமோனியா, காது வலி என்று பின்னால் ஏதாவது சேர்ந்தால் டொக்டர் பார்த்து எழுதுவார்.

திடீரென்று ஏறின காய்ச்சல், உளைவு, வறட்டு இருமல், வகுப்பிலும் பலருக்கு, இதெல்லாம் ஃப்ளூ மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் திருகோணமலையில் இந்த மழைக்குள் டெங்குவை மறந்துவிட்டு எந்தக் காய்ச்சலையும் பார்க்க முடியாது. டெங்குவில் மூக்கொழுகலும் இருமலும் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது, அதை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் எஃப்பிசி, அதாவது இரத்த அணுக்களை எண்ணுகிற பரிசோதனை கட்டாயம். அதுவரை பரசிற்றமோல் மட்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு, உங்கள் மகனுக்கு 300 மில்லிகிராம், 5 மில்லிலீற்றரில் 120 என்று எழுதின பாணி என்றால் 12.5 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு கொப்பியில் மருந்து கொடுத்த நேரம், காய்ச்சல், குடித்தது, சலம் போனது எல்லாம் எழுதுங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கஞ்சி, இளநீர், ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் கொடுங்கள், சிவப்பு நிறப் பானம் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போகும்.

நிலாவெளித் தம்பி:
அக்கா சொன்ன "பரசிற்றமோல் மட்டும்" என்பதை நான் அடிக்கோடு போடுகிறேன். போன வருடம் காய்ச்சல் கூட உளைவு தாங்காமல் ஒரு கடையில் கேட்டேன், டைக்ளோஃபெனக் என்ற வலி மருந்து தந்தார்கள். இரண்டு வேளை போட்டேன், சுகமாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் டெங்கு, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கிப் பல்முரசில் இரத்தம் கசிந்தது, ஐந்து நாள் ஆஸ்பத்திரி. ஐபுபுரோஃபனும் அஸ்பிரினும் அப்படித்தான், இரத்தக் கசிவைக் கூட்டும். இன்னொன்று, டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான நேரம் தொடங்கும். வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல், சோர்ந்து தூங்கி வழிதல் என்று ஒன்று கண்டாலும் இரவென்று பார்க்காமல் கூட்டிப் போங்கள்.

உப்புவெளி மகள்:
கொப்பி எடுத்துவிட்டேன் அக்கா. அம்மம்மா?

மூதூர் அக்கா:
அவவை வேறு அறையில் படுக்க வையுங்கள், இடமில்லை என்றால் யன்னலைத் திறந்து கட்டில்களைத் தள்ளிப் போடுங்கள். மழை என்று அடைத்து வைத்தால் எல்லாருக்கும் ஒரே காற்று. காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கும், பெரியவர்களுக்கு ஒரு கிழமை வரை, பிள்ளைகளுக்கு இன்னும் கூட. மகன் அழுவான், தெரியும், ஆனாலும் கொஞ்ச நாளைக்கு மடி வேண்டாம். சாப்பாடு கொடுப்பவர் மாஸ்க் போட்டு, சவர்க்காரத்தால் கை கழுவிவிட்டுப் போகட்டும், அதுவும் காய்ச்சல் இல்லாத ஒருவராக இருந்தால் நல்லது.

அவவுக்கு இலேசாகக் காய்ச்சலோ இருமலோ வந்தால் அன்றைக்கே டொக்டரிடம், "வீட்டில் ஃப்ளூ, சீனி இருக்கிறது" என்று சொல்லுங்கள். ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வயதானவர்கள் சில வேளை காய்ச்சலே இல்லாமல் தடுமாறுவார்கள், சாப்பாட்டைத் தள்ளுவார்கள், அதையும் கவனியுங்கள். சீனியையும் அடிக்கடி பாருங்கள், காய்ச்சலோடு ஏறும்.

கிண்ணியா வாசகன்:
கொத்தமல்லி அவித்துக் கொடுக்கலாமா? ஃப்ளூ தடுப்பூசி இப்போது போட்டால் பயன் உண்டா?

மூதூர் அக்கா:
கொத்தமல்லி தாராளமாக, தொண்டைக்கு இதம், ஆனால் அது வைரஸைக் கொல்லாது. ஊசி போட்டு இரண்டு கிழமை ஆகும் உடம்பு தயாராக, அதனால் இந்தச் சுற்றுக்கு உதவாது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். அம்மம்மா மாதிரி ஆட்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் முக்கியம்.

உப்புவெளி மகள்:
இன்று காலை எஃப்பிசி எடுத்தோம், பிளேட்லெட் நன்றாக இருக்கிறதாம், நாளைக்கும் ஒருக்கால் எடுக்கச் சொன்னார். மகன் அரைக் கோப்பை கஞ்சி குடித்தான். அம்மம்மா முன் அறையில், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கதை சொல்லிக்கொண்டு இருக்கிறா.