கற்றல் செயலிகள்: ஒரு கைப்பேசி, இரண்டு பிள்ளைகள்

கணித ஆசிரியை:
பின்தங்கிய மாணவரின் நிலையறிந்து கற்பிக்க ஆசிரியரைவிடச் செயலியே ஏற்றது என்று வடிவமைப்பாளர் ஒருவர் இங்கு எழுதியிருந்தார். என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் ஒரே கைப்பேசிதான். அப்பா வேலை முடிந்து வரும் இரவு ஒன்பது மணிக்குத்தான் அது பிள்ளைகளின் கைக்கு வரும். ஒருநாள் மூன்றாம் வகுப்புத் தம்பி அக்காவின் பயனர் கணக்கிலேயே விடைகளைத் தட்டிவிட, மறுநாள் அவளுக்குப் பின்னக் கணக்குகள் போய் ஒற்றை இலக்கக் கூட்டல் வந்து நின்றது. செயலி அறிந்த நிலை யாருடையது?

செயலி வடிவமைப்பாளர்:
அந்தப் பிழை எங்களைப் போன்றவர்களுடையதுதான், அம்மா. ஆனால் அதற்காக முறையையே தள்ளிவிட முடியாது. 2015இல் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தது தெரிந்தது. அவரவர் நிலையிலிருந்து தொடங்கியதால் நாலரை மாதத்தில் கணிதம், இந்தி இரண்டிலும் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் இது இயலுமா?

கணித ஆசிரியை:
இயலாதுதான். ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டீர்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு மையத்துக்கு வந்து, 45 நிமிடம் கணினியிலும் 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரிடமும் படித்தார்கள். இடமும், கருவியும், உடனிருக்க ஒரு பெரியவரும் அங்கே இருந்தார்கள். நீங்கள் விற்பது மென்பொருளை மட்டும்; மற்றதை அப்பாவின் கைப்பேசியிடம் விட்டுவிடுகிறீர்கள்.

ஒரு தந்தை:
அந்தக் கைப்பேசிக்காரர்களில் நானும் ஒருவன். காணொளி ஓடி முடிவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது. காணொளி இல்லாமல் கணக்கு மட்டும் தாருங்கள் என்று கேட்டால், அப்படியொரு வசதியே இல்லை என்கிறார்கள்.

செயலி வடிவமைப்பாளர்:
காணொளியைப் பற்றிச் சொன்னது சரி. செயல்விளக்கத்தில் பள்ளி நிர்வாகிகளின் கண்ணைக் கவர்வது அதுதான் என்பதால் அதற்கே முதலிடம் தருகிறோம், வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்பது இத்தொழிலின் பழைய நோய். அக்கா, தம்பி நிலைகள் கலக்காமல் இருக்க ஆளுக்கொரு பயனர் கணக்கு வைக்கலாம்; ஆனால் அது அவ்வளவு எளிதன்று. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைப் பெறுவதற்குள் பல குடும்பங்கள் பாதியில் விலகிவிடும்.

கணித ஆசிரியை:
திறந்தவுடன் "இப்போது படிப்பது யார்?" என்று கேட்டு, அக்காவுக்கு ஒரு படமும் தம்பிக்கு ஒரு படமும் காட்டினாலே போதுமே. பெயரும் வேண்டாம், பிறந்த நாளும் வேண்டாம்.