பதில்: முதுகு நீர்ச் சோதனைத் துண்டறிக்கை: எந்தச் சொல்லைப் போடுவது?

குழுவினருக்கு வணக்கம்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஞாயிறு அன்று சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் நடக்கும் மருத்துவ முகாமில் அதைக் கொடுக்கப் போகிறோம். கீழ்முதுகில் ஊசி ஏற்றி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு என்ன பெயர் என்ற முதல் சொல்லையே நாம் இன்னும் தாண்டவில்லை.

> தண்டுவடத் துளைப்பு என்பதே துல்லியமான சொல். (தைப்பிங் ஐயா)

துல்லியம் இல்லை ஐயா, என் மறுப்பே அதில்தான். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி ஏறுவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலோ நான்குக்கும் ஐந்துக்கும் நடுவிலோ. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள்தான் உண்டு. துளைக்காத ஒன்றைத் துளைப்பதாகப் பெயர் வைத்தால், "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காது" என்று தோட்டத்தில் காலங்காலமாகச் சொல்லிவரும் பயத்துக்கு நாமே முத்திரை குத்தியது போலாகும். கழுத்து விறைத்துக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தகப்பன் தயங்கினால் நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப் போகும். ஆகவே 'கீழ்முதுகு நீரெடுப்பு'.

எடுக்கும் நீரை ஆங்கிலச் சுருக்கமான 'சிஎஸ்எஃப்' என்றே விடலாம் என்கிறார் கிள்ளான் தம்பி. சரி, ஆஸ்பத்திரியில் காதில் விழும் சொல், ஒருமுறை போடுவோம். ஆனால் வெறும் 'நீர்' மட்டும் வேண்டாம், எல்லாரும் சிறுநீர் என்றே நினைப்பார்கள். 'மூளை முதுகு நீர்' என்று முழுசாக இருக்கட்டும்.

அப்புறம் பசலை, அதாவது பிரிவில் வாடும் தலைவி மேனியில் படரும் நிறமாற்றம். நீர் மஞ்சளாவதற்கு ஐயா 'நீர்ப்பசலை' என்றதும் மனம் துள்ளியது. பச்சைக்கும் பசும்பொன்னுக்கும் வேர் ஒன்றே என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அவர் காட்டிய குறுந்தொகை 399 அவருக்கே எதிராக நிற்கிறது. பரணர் சொல்லும் பசலை ஊருண் கேணிப் பாசி மாதிரி: தொட்டால் விலகும், விட்டால் பரவும். சோதனைக்கூடத்தில் அப்படி விலகுவது வேறொன்று. நீரை வரிசையாகச் சில குழாய்களில் பிடிப்பார்கள். ஊசி ஏறும்போது சிறு நாளம் கீறி ரத்தம் கலந்தால், முதல் குழாயில் சிவப்பாக வந்தது நான்காவதில் வெளுத்துவிடும். குழாயை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி அணுக்களை அடியில் படியவைத்தால் மேல்நீர் தெளியும். மூளையுறைக்கு அடியில் முன்பே ரத்தம் கசிந்திருந்தாலோ, சிவப்பணுக்கள் சிதைந்து, மணிக்கணக்கில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி சேர்ந்து, எவ்வளவு சுழற்றினாலும் மேல்நீர் மஞ்சளாகவே நிற்கும். நீங்காமல் நிற்பதுதான் அதன் இலக்கணம். 'நீங்கா மஞ்சள்' என்றே வைப்போம். காமாலையிலும், புரதம் மிகுந்தாலும் மஞ்சள் வரும் என்று டாக்டர் தங்கை எழுதியதையும் சேர்க்கிறேன்.

நாம் உண்மையில் சண்டை போட்டிருக்க வேண்டிய சொல் 'சர்க்கரை அளவு'. அதை யாருமே தொடவில்லை. இந்த நீரில் சர்க்கரை, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 15 மில்லிமோல் சர்க்கரை இருக்கும் நீரிழிவுக்காரருக்கு இதில் 5 என்று வந்தால், எண் நன்றாகத்தான் தெரியும். பங்கு மூன்றில் ஒன்றுதான், அதாவது குறைவு. பாக்டீரியா, காசநோய் மூளைக்காய்ச்சல்களில் சர்க்கரை குறையும், வைரஸில் பெரும்பாலும் குறையாது. நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. எனவே 'சர்க்கரைப் பங்கு' என்று போட்டே ஆக வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூளையைத் தாக்கும் 'நிப்பா' வைரஸின் பெயரைத் தமிழாக்கும் யோசனையை விடுங்கள். 1999-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் இந்த நீரிலிருந்துதான். ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராகவே இருக்கட்டும்.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'கீழ்முதுகு நீரெடுப்பு' பக்கம். ஐயா உடன்படவில்லை என்பதைக் குழுவின் பதிவில் எழுதிவைக்கிறேன். வேறு மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள். ரத்த வெள்ளையணுக்களுக்கு 'வெள்ளணு'வா 'வெள்ளைச் செல்'லா என்ற கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.