வளாக சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு): கட்டடவாரியா, பயன்பாட்டுவாரியா?

கேள்வி: பல்கலைக்கழக வளாகத்துக்கு 10.20.0.0/16 (10.20 என்று தொடங்கும் 65,536 முகவரிகள்) ஒதுக்கியாகிவிட்டது. 30 கட்டடங்கள். கட்டடத்துக்கு ஒரு /21 (2,048 முகவரிகள்) கொடுக்கலாமா? இல்லை நிதி, ஆய்வகம் எனப் பிரித்து, விலானை (பல சுவிட்சுகளில் பரவும் ஒரே மெய்நிகர் நெட்வொர்க்) எல்லாக் கட்டடத்துக்கும் இழுக்கலாமா?

தண்டவாளம்: கட்டடவாரிதான், யோசிக்கவே வேண்டாம். /16-இல் 32 /21 கிடைக்கும். 30 போக 2 கையிருப்பு. கட்டட ரவுட்டர் மைய ரவுட்டருக்கு ஒரே ஒரு வழியைச் சொன்னால் போதும். உள்ளே ஒரு /24 (256 முகவரிகள்) விழுந்து எழுந்தாலும் மையத்துக்குத் தெரியாது. விலானை இழுத்தீர்களோ, எவராவது ஒரு கேபிளின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகினால் 30 கட்டடமும் படுத்துவிடும்.

சல்லடை: அந்த லூப்புக்கு பிபிடியூ கார்டு (சுவிட்சுகள் அனுப்பும் பிபிடியூ செய்தி வந்தால் போர்ட்டை மூடும் காவல்) இருக்கிறதே! கட்டடவாரி என்றால் ஃபயர்வால் விதிகளை யார் எழுதுவது? நிதிப் பிரிவு 11 கட்டடத்தில் சிதறிக் கிடந்தால் 11 வரி. பன்னிரண்டாவது கட்டடத்துக்கு ஒரு மேசை நகர்ந்தால் வரி சேர்க்க மறப்பார்கள். புகார் வந்த பிறகுதான் தேடுவார்கள்.

தண்டவாளம்: நடுவில் ஒரு மலிவு சுவிட்ச் பிபிடியூவை விழுங்கிவிட்டால் அந்தக் கார்டு சும்மாதான் இருக்கும். வரிக்கும் வழி உண்டு. எல்லாக் கட்டடத்திலும் மூன்றாவது /24 நிதிக்கு என்று வையுங்கள்: 10.20.2.0, 10.20.10.0, 10.20.18.0... ஏசிஎல்லில் (ரவுட்டரின் அனுமதி, மறுப்புப் பட்டியல்) 10.20.2.0, வைல்ட்கார்டு (எந்த பிட்டுகளைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் மாஸ்க்) 0.0.248.255. ஒரே வரி.

சல்லடை: ரவுட்டரில் ஓடும். தொடர்ச்சியில்லாத மாஸ்க்கை ஏற்காத ஃபயர்வால்கள் நிறைய. அங்கே ஒவ்வொன்றாக எழுதிக் குழுவாக்க வேண்டியதுதான்.

மூன்றாம்அடுக்கு: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மையத்தில் 10.20.40.0/21-க்கு நிலைவழி (கையால் எழுதும் வழி) எழுதியிருக்கிறது. கட்டட ரவுட்டரின் டிஃபால்ட் வழி (வேறு வழி பொருந்தாதபோது எடுப்பது) மையத்தைப் பார்க்கிறது. 10.20.45.0/24 இன்னும் உருவாகவில்லை. அந்த முகவரிக்கு ஒரு பாக்கெட் வந்தால் கட்டடம் மையத்துக்குத் தள்ளும், மையம் திருப்பித் தள்ளும். டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) தீரும்வரை ஒரே இணைப்பில் ஐம்பது அறுபது தடவை பந்தாட்டம். எவராவது முகவரிகளை வரிசையாக ஸ்கேன் செய்தால் இணைப்பே நிரம்பிவிடும். கட்டட ரவுட்டரில் அந்த /21-ஐ நல்0-க்கு (வந்ததைக் கொட்டிவிடும் போலி இடைமுகம்) அனுப்பும் ஒரு நிலைவழி போடுங்கள். இருக்கிற /24-கள் நீள மாஸ்க் என்பதால் அவையே முந்தும்.

அப்புறம் வைஃபை. அதைக் கட்டடக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடந்துபோகிறவரின் முகவரி மாறினால் இணைப்பு அறும். கடைசி இரண்டு /21-ஐயும் சேர்த்தால் 10.20.240.0/20, அதாவது 4,096 முகவரிகள். டிஎச்சிபி லீஸை (தானாகக் கொடுக்கும் முகவரியின் கெடு) 1 மணி நேரமாக்குங்கள். விண்டோஸ் சர்வரில் இயல்பாக 8 நாள் இருக்கும். அப்படியே விட்டால் வந்துபோகும் போன்களே முகவரிக் குளத்தை வற்றடித்துவிடும். மேக் முகவரியை (சாதனத்தின் நெட்வொர்க் அடையாள எண்) மாற்றிக்கொண்டே இருக்கும் போன் வேறு ஒன்றுக்கு நாலாய்ப் பிடிக்கும்.

சல்லடை: நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் தண்டவாளம் சார், உங்கள் ஒற்றை வரியை இப்போது பாருங்கள். 0.0.248.255 என்றால் 10.20.242.0-வும் 10.20.250.0-வும் அதில் அடக்கம். இரண்டும் இப்போது வைஃபை. மாணவர் போன் நேராக நிதி சர்வரைத் தட்டும்.

தண்டவாளம்: உண்மைதான், கவனிக்கவில்லை. அனுமதி வரிக்கு மேலே 10.20.240.0, வைல்ட்கார்டு 0.0.15.255 என்று ஒரு மறுப்பு வரி வர வேண்டும். கீழே போட்டால் பயனில்லை. ஏசிஎல் முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும்.

சல்லடை: ஆக, இரண்டு வரி.